லோடு பாடியில் என்ன ஏற்றப் போகிறாய்?

என் மச்சானுக்குப் பிக்அப் ஆசை வந்துவிட்டது. சும்மா ஒரு பிக்அப் இல்லை. பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர், கூரைமேல் வரிசையாக விளக்கு, மணலை வாரி இறைத்துக்கொண்டு பாயும் அந்த ரகம். ஒரு வீடியோவை அனுப்புவான், பின்னாலேயே "அத்தான், வாங்கலாமா?" என்று கேட்பான். என்னிடம் கேட்கக் காரணம் உண்டு. செல்போன் டவர் பராமரிப்புதான் என் பிழைப்பு. டவர் என்றாலே மேட்டு உச்சி. நட்ட காலத்தில் ஒருமுறை பாதை வெட்டியதோடு சரி, அப்புறம் அதை மழைதான் பார்த்துக்கொள்கிறது. பேட்டரி, டீசல் கேன், ஜெனரேட்டர் உதிரிகள் எல்லாம் கம்பெனி பிக்அப்பில்தான் மேலே போகும். சொந்தக் காசு போடாத வண்டி என்பதால் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடவேண்டிய கட்டாயமும் எனக்கு இல்லை.

அவனுக்குப் போனில் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

முதலில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார். பெரும்பாலான பிக்அப்பில் அங்கே ஸ்பிரிங் பட்டைகள் அடுக்கியிருக்கும். மேல் பட்டைகள் வளைந்திருக்கும். அடியில் ஒரு தடித்த பட்டை ஏறக்குறைய நேராக, கொஞ்சம் விலகி நிற்கும். வண்டி காலியாக இருக்கும்போது அந்தத் தடித்த பட்டைக்கு வேலையே இல்லை. நாங்கள் பேட்டரிகளை ஒவ்வொன்றாக ஏற்றும்போது அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் மேல் பட்டை அதன்மேல் உட்காரும். அப்போதுதான் வண்டி ஒழுங்காக ஓடத் தொடங்கும். காலி வண்டியை அதே பாதையில் இறக்கிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு குழிக்கும் பின்பக்கம் கழுதை மாதிரி உதைக்கும். டெஸ்ட் டிரைவ் என்று உன் கையில் கொடுப்பது இந்தக் காலி வண்டியைத்தான். நீ வாங்கினாலும் பெரும்பாலும் ஓட்டப்போவது அதைத்தான்.

ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, ஆனால் மழை பெய்த தார்ச்சாலையில் பெரும்பாலும் அது உனக்கு உதவாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டும். சாதாரண பிக்அப்பில் ஃபோர் ஹை, அதாவது வழக்கமான வேகத்தில் நான்கு சக்கர ஓட்டம், போட்டதும் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார் ஈரமாக இருந்தாலும் சேறு அளவுக்கு வழுக்காது, காய்ந்த தாரிலோ வழுக்க இடமே இல்லை. ஸ்டீயரிங் கனக்கும், வண்டி இழுத்துப் பிடிக்கும், முறுக்கு முழுவதும் கியர்களின்மேல் விழும். அதனால் சாலைக்கு வந்ததும் டூ வீலுக்கு மாற்றிவிட வேண்டியதுதான். அதாவது, பின்பக்கம் கனமில்லாத, பின்சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி. ஈர ரவுண்டானாவில் அவசரமாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வால் ஒதுங்கும். சக்கரங்களை வேறுவேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்புக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர்; நடுவில் தனியாக ஒன்று வைத்து இந்தத் தொல்லையைத் தீர்த்த வண்டிகளும் உண்டு. மிட்சுபிஷி டிரைட்டனில் சூப்பர் செலக்ட் என்ற அமைப்பு வரும் மாடல்கள் அப்படித்தான், தாரிலும் நான்கு சக்கரத்தில் ஓட்டலாம். மழை அதிகம் பெய்யும் இடத்தில் இருப்பவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும். யாரும் விசாரிப்பதில்லை, விளக்கு எத்தனை என்றுதான் கேட்கிறார்கள்.

சரி, குறையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி. மேட்டில் அந்த வண்டி செய்கிற வேலையையும் சொல்லவேண்டும்.

எங்கள் டவர் ஒன்றுக்குப் போகும் பாதை கடைசியில் களிமண் இறக்கம். மழை விட்ட மறுநாள் அதில் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. அங்கே லோ ரேஞ்ச்தான் கதி. டொயோட்டா ஹைலக்ஸில் லோ ரேஞ்ச் விகிதம் 2.566, அதாவது அதே கியரில் சக்கரம் அத்தனை மடங்கு மெதுவாகச் சுற்றும், அத்தனை மடங்கு பலத்தோடு. ஜீப் கிளாடியேட்டர் பிக்அப்பின் கரடுமுரடுக்கான மாடல் ரூபிகானில் அது 4. மேலே வண்டியை முழுசாக நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, லோ போட்டு, முதல் கியரில் விட்டு, இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிட வேண்டும். புதிதாக வரும் பையன்களுக்கு இதுதான் கஷ்டம், கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். எஞ்சின் ஐடிலில் முனகிக்கொண்டு, நடக்கிற வேகத்துக்கும் குறைவாக வண்டியைப் பிடித்து இறக்கும். ஸ்டீயரிங்கை மட்டும் நேராக வைத்திருந்தால் போதும். சக்கரம் ஒன்று அந்தரத்தில் தூக்கினால் பின் டிஃப் லாக், அதாவது பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி; அந்தப் பட்டனைப் போட்டதும் தரையில் இருக்கும் சக்கரமும் சேர்ந்து சுற்றியே ஆகவேண்டும். மணல் என்றால் டயரில் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 20க்குக் கீழே இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து மிதக்கும். கையடக்கக் கம்ப்ரஸர் ஒன்றும் நல்ல ஏடி (ஆல் டெரெய்ன், தாருக்கும் மண்ணுக்கும் ஏற்ற) டயரும் தரும் பலன் அந்த இரும்பு பம்பரில் கிடைக்காது. ஆனால் வீடியோவில் பம்பர்தான் தெரியும்.

இனி மச்சானின் கனவு வண்டிகள். கிளாடியேட்டர் என்பது ஜீப் ராங்லரின் பின்னால் லோடு பாடி வைத்த வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். முன்முகம் அதே, முன்னும் பின்னும் முழு ஆக்சில் அதே மாதிரி. ஆனால் நீளம் 5.5 மீட்டர், இரு சக்கரங்களுக்கு நடுவே ஏறக்குறைய 3.5 மீட்டர். பாறையை முன்னால் முட்டாமல் ஏறும் கோணம் ரூபிகானில் 43 டிகிரிக்கு மேல், பிரமாதம். பின்னால் தட்டாமல் இறங்கும் கோணமோ 26 டிகிரிதான். நான்கு கதவு ராங்லர் ரூபிகானுக்கு அது 37. மூக்கு ஏறிவிடும், வயிறும் வாலும் இடிக்கும். எங்கள் கம்பெனி வண்டியின் பின் பம்பரின் இரண்டு மூலையும் பெயின்ட் போய் வெறும் இரும்பாகப் பளபளக்கிறது. எல்லாம் அப்படி வாங்கியதுதான். கரடுமுரடில் திரிவது மட்டும்தான் நோக்கம் என்றால் லோடு பாடி ஒரு தொல்லை.

அப்புறம் ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர். 2018இல் முதல் ராப்டர் வந்தபோது பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டார்கள், கூடவே ஃபாக்ஸ் கம்பெனி ஷாக் அப்சார்பர். மேடுபள்ளத்தில் வேகமாகப் பறக்க அப்படி ஒரு வண்டி அந்த அளவில் வேறு கிடையாது என்றே சொல்லலாம். பதிலுக்கு என்ன போனது தெரியுமா? சாதாரண ரேஞ்சர் 3,500 கிலோ டிரெய்லரை இழுக்கும், ராப்டர் 2,500 தான். ஏற்றும் எடையும் நன்றாகவே குறைந்தது. லோடு வண்டிக்கு அதிகமாகக் காசு கொடுத்து லோடு குறைவாக ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு. ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

எடைக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு டன் ஏற்றலாம் என்று காகிதத்தில் இருந்தால், அந்த ஒரு டன்னில் உள்ளே உட்காரும் ஆட்களும் அடக்கம். பெரியவர்கள் ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ போயிற்று. இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் கருவி), கூரைக் கூடாரம், அலமாரி, கூடுதல் பேட்டரி, தண்ணீர் டேங்க் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் பெட்டி படுக்கை ஏற்றுவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடும். அதிலும் இரட்டை கேபின் வண்டியில் லோடு பாடியின் பெரும்பகுதி பின் ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே கனத்தை வைத்து, டிரெய்லரையும் மாட்டி, குழியில் வேகமாக விட்டால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் கேபினுக்குப் பின்னால் வளைந்துவிடும். நெம்புகோல் கணக்குதான். கனமானதை கேபின் சுவரை ஒட்டி வை என்று எங்கள் சூப்பர்வைசர் கத்துவது அதனால்தான்.

உயரமான வண்டி பத்திரம் என்று தங்கை நினைக்கிறாள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் ஸ்வீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் பத்திரிகை திடீர் வளைப்புச் சோதனை வைத்தபோது ஹைலக்ஸ் ஒரு பக்கத்து இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பி நின்றது. அந்த வண்டி எங்கே வேண்டுமானாலும் போய்த் திரும்பும் என்று பெயர் எடுத்தது. 2007இல் மாற்றியமைக்கப்பட்ட ஹைலக்ஸ்கள், 1996இல் வட காந்த துருவம் இருந்த இடத்துக்குப் பனிமேல் போய்ச் சேர்ந்தன. இரண்டும் உண்மைதான். பனியில் கரைசேர்ப்பது வேறு, குறுக்கே யாராவது ஓடிவந்தால் சட்டென்று ஒடிப்பது வேறு.

தினப்படித் தொல்லைகளைச் சுருக்கமாக: ஒரே வீச்சில் யூ டர்ன் அடிக்க முடியாது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் வால் வெளியே நிற்கும். டீசல் என்றால் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது நெடுஞ்சாலையில் நீளமாக விரட்ட வேண்டும். கடைக்குப் போய்வந்தால் சாமானைப் பின்சீட்டில்தான் வைப்பாய், திறந்த பாடியில் வைக்க மனசு வராது. மூடி வாங்கு, அதுவும் எடை.

அப்படியென்றால் யார்தான் வாங்குவது? காருக்குள் வைக்க முடியாத அழுக்கு, நாற்றம், நீளம், கனம் எதையாவது வாரத்துக்கு வாரம் ஏற்றுபவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தேனீப்பெட்டி, சிமெண்ட், ஆடு, பைக், எங்கள் பேட்டரி. அவனுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. மச்சான் ஏற்றப்போவது ஒரு கூடாரமும் இரண்டு மடக்கு நாற்காலியும். அவன் போகிற மண்பாதைக்குக் கொஞ்சம் உயரமான ஒரு ஃபோர் வீல் காரும் நல்ல டயரும் தாராளம். "ஆசைக்கு வாங்கினா தப்பா அத்தான்?" என்றான். தப்பே இல்லை. ஆசை என்று சொல்லி வாங்கு, வீட்டில் பயன்படும் என்று சொல்லி வாங்காதே.

பிடிவாதமாக நின்றால், நடு ரக மாடல் போதும்: ஸ்பிரிங் பட்டை, பின் டிஃப் லாக், ஏடி டயர். அதற்கு முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஆபீசுக்கு ஓட்டிப் பார்க்கட்டும். பழைய வண்டி பார்க்கிறான் என்றால், மேலே பளபளப்பைப் பார்க்காமல் அடியில் படுத்து சேஸிஸின் உட்புறம் விரலை விட வேண்டும். காய்ந்த சேறும் அதன் பின்னால் உரியும் துருவும் அங்கேதான் இருக்கும். பின் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். வெளிறி நுரைத்து வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது; சூடான ஆக்சிலோடு ஓடையில் இறங்கியிருப்பார்கள், ஆக்சிலின் காற்றுக் குழாய் அடைத்திருந்தால் குளிரும்போது ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியாக, ஒரு மண் தரைக்குக் கொண்டுபோய் ஃபோர் லோ போட்டுக் காட்டச் சொல். வருஷக்கணக்காகத் தொடாமல் விட்ட வண்டிகளில் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கும், கியர் விழாது.