"வேற வருத்தம் ஒண்டும் இல்ல, மிஸ்ஸி"

வார்டில் புதிதாக ஒருவர் வந்து கட்டிலில் ஏறியதும் தாதியான நான் கேட்கும் கேள்விகளில் பிரயோசனமே இல்லாதது, "வேற வருத்தம் ஏதும் இருக்கா?" என்பதுதான். "இல்ல மிஸ்ஸி" என்பார்கள். சொல்லிக்கொண்டே தலைமாட்டில் ஒரு சொப்பிங் பையை வைப்பார்கள். அதற்குள் கிளினிக் கொப்பி, சீனிக் குளிசை, பிரஷர் குளிசை, மகள் அனுப்பிய ஏதோ விற்றமின், பரிகாரி கொடுத்த எண்ணெய்ப் போத்தல் எல்லாம் இருக்கும்.

"இது சீனிக் குளிசைதானே ஐயா?"

"ஓம், ஒழுங்காக் குடிக்கிறன். அதால இப்ப சீனி இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. வருத்தம் என்றால் அவருக்கு நோக வேண்டும், இல்லாவிட்டால் படுக்கையில் போட வேண்டும். குளிசையோடு அடங்கிக் கிடப்பது அந்தக் கணக்கில் சேராது. அதனால் இப்போதெல்லாம் முதலில் பையைத் திறக்கச் சொல்கிறேன், பிறகுதான் வாயை.

ஒவ்வாமையும் இப்படித்தான். "அலர்ஜி இருக்கா?" என்றால் இல்லை. "ஏதும் மருந்துக்கு உடம்பு தடிச்சுக் கடிச்சதா?" என்று கேட்டால், "அது கிரந்தி மிஸ்ஸி, போன முறை ஊசி போட்ட பிறகு வந்தது" என்று வரும். என்ன ஊசி என்று அறிய வீட்டுக்குக் கோல் எடுக்க வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து ஓர் உம்மா வந்தார். வயிறு ஊதி, சத்தியும் இருந்தது. முந்தி ஒப்பரேஷன் ஏதும் செய்ததா என்று கேட்டேன். "இல்ல மகள்." சேலையை விலக்கிப் பார்த்தால் தொப்புளுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு.

"அது பிள்ளைக்கு வெட்டினதுதானே," என்றார், நான் கேட்டதே பிழை என்பது போல.

வயிற்றில் பழைய வெட்டு இருந்தால் உள்ளே குடல் ஒட்டிக்கொண்டு அடைபடலாம். டொக்டருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். எந்த வருடம் என்று கேட்டேன். வருடமெல்லாம் அவருக்குத் தெரியாது. "கடைசி மகனுக்கு. பாதையில ஏத்திக் கொண்டு வந்தாங்க. நடுத் தண்ணியில பிறந்திடுவானோ எண்டு பயம்." வேற்றூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும், இங்கே பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கடத்தும் மிதவை. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறந்தது. அப்படியானால் அதற்கு முந்தி. சுனாமி நேரம் மகன் பிறந்துவிட்டானா என்றேன். "ஓம், தவழ்ந்து திரிஞ்சான். தூக்கிக்கொண்டுதான் ஓடினன்." ஒரு வருடத்தையும் வாயால் சொல்லாமல் 2004 என்று சொல்லிவிட்டார். சம்பூர்க்காரரிடம் கேட்டால், சண்டையில் ஊரே இடம்பெயர்ந்த 2006க்கு முந்தியா பிந்தியா என்று வரும். "இடம்பெயர முந்தி" என்பார்கள். எங்கள் திருகோணமலை மாவட்டத்துக் கலண்டர் இப்படித்தான் இருக்கிறது.

நாள் கணக்கு உயிர்க் கணக்காகும் இடமும் உண்டு. 2017இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு அடித்த வருடத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். "எத்தனை நாள் காய்ச்சல்?" என்றால் "ரெண்டு மூணு நாள்." டெங்கில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பெரிய இடைவெளி. காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். "ஜும்மாவுக்குப் போனவரா? போகேக்க உடம்பு சுட்டதா?" என்று வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொண்டுதான் எண்ணத் தொடங்குவேன். கடைசியாகச் சலம் போனது எப்போது, பெனடோலைத் தவிர வேறு என்ன குளிசை போட்டது என்பதையும் விடுவதில்லை.

படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றை ஒரு மூத்த சிஸ்டர் சொல்லித் தந்தார். வயல் ஊர்களிலிருந்து விடியப்புறம் வயிற்று நோவோடு வருபவரிடம், "ராவு நிலத்திலயா படுத்தீங்க?" என்று கேட்க வேண்டும். எட்டடி விரியன் நித்திரையில் கடித்தால் கடிவாயும் சரியாகத் தெரியாது, பெரிதாக நோகவும் நோகாது. வயிற்று நோ முதலில் வரும், கண் இமை தொங்குவது பிறகு.

கந்தளாய், சேருவிலப் பக்கத்து ஆட்கள் வந்தால் என் சிங்களம் "ரிதெனவாத?" வரை நன்றாகப் போகும். நோகிறதா என்று கேட்டுவிடலாம். அவர்கள் விரிவாகப் பதில் சொல்லத் தொடங்கினால்தான் கஷ்டம்.

சரி, நான் கோட்டை விட்ட கதைக்கு வருகிறேன். திருக்கை முள் குத்திக் கால் வீங்கி ஒருவர் வந்தார். மனைவி கட்டிலருகே நின்றார். "குடிப்பீங்களா ஐயா?" அவர் மனைவியைப் பார்த்தார், மனைவி என்னைப் பார்த்தார். "இல்ல மிஸ்ஸி." பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். நான் 'இல்லை' என்று எழுதினேன். இருமலை எழுதவில்லை.

மூன்றாம் இரவு இரண்டு மணி இருக்கும். மனிதர் எழும்பி உட்கார்ந்திருந்தார். கையில் குத்தியிருந்த கனுலாவைப் பிடுங்கிவிட்டிருந்தார், விரிப்பெல்லாம் இரத்தம். உடம்பு வியர்வையில் நனைந்து, கை நடுங்க, காற்றில் இல்லாத ஒன்றை ஒரு கை மாற்றி ஒரு கையாக இழுத்துக்கொண்டிருந்தார். "விடாத, விடாத, அங்கால இழு!" சேலைன் கம்பிக்குத்தான் அந்தக் கட்டளை. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இப்படி வரலாம். முதல் நாளே தெரிந்திருந்தால் மருந்தைத் தொடங்கியிருப்பார்கள். விடிந்ததும் டொக்டர் அவருடைய விபரம் எழுதும் கட்டில் டிக்கெட்டைப் புரட்டினார். என் கையெழுத்தில் 'இல்லை' என்று இருந்தது.

இப்போது மனைவியைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டுக் கேட்கிறேன். அதுவும் புண்ணுக்கு மருந்து கட்டும்போது, கண்ணைப் புண்ணில் வைத்துக்கொண்டு: "கடலால வந்தா உடம்பு உளைவுக்கு எவ்வளவு எடுப்பீங்க, ஒரு போத்தல் காணுமா?" போத்தலில் தொடங்கினால் அவர்களுக்குக் குறைத்துச் சொல்ல இடம் கிடைக்கும். "சீச்சீ, கால் போத்தல்தான்." அந்தக் காலை நான் அரையாக எடுத்துக்கொள்வேன். அப்புறம் கேட்பது, "கடைசியா எப்ப?"

அந்த மனிதர் வீட்டுக்குப் போகும் நாளில், மனைவி மருந்து எடுக்கப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"அண்டைக்கு ராவு நான் ஏதும் கெட்ட வார்த்தை பேசினனா மிஸ்ஸி?"

"இல்ல ஐயா. வலை இழுத்தீங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "மீன் பட்டதா?" என்று கேட்டார்.