மெத்திலீன் புளூவும் மூன்று மண்ணும்: சொட்டுச் சோதனைக் குறிப்பு

காரைக்குடிச் செம்மண், கண்மாய் வண்டல், கடையில் வாங்கிய பெண்டோனைட் (நீரில் ஊறி விரியும் களிமண்) மூன்றும் மெத்திலீன் புளூ என்ற ஒரே நீலச் சாயத்தை எவ்வளவு பிடிக்கின்றன என்று அளந்த குறிப்பு இது. ஓரமாகச் சிவகங்கை கிராஃபைட் தூளும் சேர்ந்துகொண்டது.

முதலில் சாயம். மீன் தொட்டிக்கு விற்கும் சொட்டு மருந்து வேண்டாம். அதன் செறிவை நம்பிக் கணக்குப் போட முடியாது. ஆய்வகத் தூள், மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்த வகை, 3.74 கிராம் எடுத்து ஒரு லிட்டராக்கினால் 0.01 நார்மல், அதாவது ஒரு மி.லி.யில் 0.01 மில்லிசமானம் சாயம். தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும் இங்கே ஆகாது. போர் தண்ணீர் இன்னும் மோசம். அதிலுள்ள கால்சியம் களித்துகளைத் திரளவைக்கும். சாயம் உள்ளே நுழைய வழியின்றி அளவு குறைத்துக் காட்டும்.

மண்ணை அள்ளி அப்படியே போடக் கூடாது. செம்மண்ணில் பாதிக்கு மேல் மணல், மணல் சாயம் பிடிக்காது. தண்ணீரில் நன்றாகக் கலக்கி அசையாமல் வைத்து, மேல் 10 செ.மீ. கலங்கலை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். 2 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் அந்த ஆழத்தைக் கடக்க 20 டிகிரியில் 8 மணி நேரம் ஆகும். நம்மூர் 30 டிகிரியில் தண்ணீர் இளகுவதால் ஆறரை மணி போதும். எடுத்த களியை 105 டிகிரியில் உலர்த்தி, 0.5 கிராம் நிறுத்து, 50 மி.லி. நீரில் கலக்கி, நீர்த்த கந்தக அமிலம் சில சொட்டு விட்டு பி.எச். 3 பக்கம் கொண்டுவர வேண்டும்.

பிறகு சிரிஞ்சில் ஒவ்வொரு மி.லி.யாகச் சாயம். ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் கலக்கி, கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு வடிதாளில். நடுவில் கருநீலப் பொட்டு, அதைச் சுற்றி வெறும் ஈரம் என்றால் மண் இன்னும் சாப்பிடுகிறது. அந்த ஈரத்தின் விளிம்பில் மங்கிய பச்சைநீல வளையம் கசிந்தால் நிறுத்து. நிறுத்தி, 2 நிமிடம் கழித்து மறுபடி சொட்டு. அடுக்குகளின் இடுக்குக்குள் சாயம் மெல்லத்தான் போகும், அதனால் முதல் வளையம் பெரும்பாலும் பொய். இரண்டாம் சொட்டிலும் நின்றால் அதுதான் முடிவு. செலவான மி.லி.யை இரண்டால் பெருக்கினால் 100 கிராம் களி எத்தனை மில்லிசமானம் சாயத்தைப் பிடிக்கும் என்று வந்துவிடும்.

செம்மண் களி ஐந்தாறு மி.லி.யில் கையை விரித்தது. பெரும்பகுதி கயோலினைட் என்ற களிக் கனிமம்; அதன் அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டியிருப்பதால் வெளிப்புறம் மட்டுமே மிச்சம். கயோலினைட்டின் திறன் 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லிசமானம்தான். அதன் சிவப்பு குழப்பாது: ஆத்தங்குடித் தரைக்கல்லுக்குப் போடும் ஆக்சைடு கலர் போல அதுவும் கரையாத இரும்பு ஆக்சைடு, வடிதாளில் பரவாது. பெண்டோனைட் நாற்பது மி.லி.யைத் தாண்டியது. அதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமத்தின் அடுக்குகள் எதிர்மின் சுமை கொண்டவை, நீரில் விரிபவை. இடுக்கிலிருக்கும் சோடியம் வெளியேற, நேர்மின் சுமையுள்ள மெத்திலீன் புளூ உட்காருகிறது. கலங்கல் நீலமாக இல்லாமல் ஊதாவாகத் தெரிவதைக் கவனியுங்கள். மூலக்கூறுகள் பரப்பில் நெருங்கி அடுக்கிக்கொள்ளும்போது ஒளியை உறிஞ்சும் இடமே 664 நானோமீட்டரிலிருந்து குறைந்த அலைநீளத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

கிராஃபைட்டும் அடுக்குதான். ஆனால் அடுக்கில் மின்சுமை இல்லை, பரிமாற அயனியும் இல்லை. இரண்டொரு சொட்டிலேயே வளையம். தூள் வேறு மிதந்து தொல்லை.

சிக்கல் செய்தது கண்மாய் வண்டல். மூடிய பாட்டிலில் ஒரு இரவு வைத்ததில் நீலம் முழுக்க மறைந்தது. ஒட்டிவிட்டது என்று எழுதிவிடத் தோன்றும். மூடியைத் திறந்து நன்றாகக் குலுக்கினால் நீலம் திரும்பி வரும். வண்டலின் அழுகல் ஆக்சிஜனைத் தின்று சாயத்தை நிறமற்ற வடிவமாக ஒடுக்கியிருக்கிறது, காற்றுப் பட்டதும் பழைய நிறம். அதனால் வண்டலுக்கு முதலில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 15 மி.லி. ஊற்றி, நுரை அடங்கும்வரை இளஞ்சூட்டில் கொதிக்கவிட வேண்டும். மண் போடாத வெறும் சாயப் பாட்டில் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். பாத்திரச் சுவரே கொஞ்சம் நீலத்தைக் குடிக்கும்.

அடுத்து அதே பெண்டோனைட்டில் கேசரிப் பவுடர். மேலே தெளிந்த நீர் மஞ்சளாகவே நின்றது. கேசரிப் பவுடரிலுள்ள மஞ்சளான டார்ட்ரசைன் எதிர்மின் சாயம், எதிர்மின் அடுக்கு அதைத் தள்ளும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களும் இதே இனம் என்பதால், சாயத் தொட்டிக் கழிவில் பெண்டோனைட்டைக் கொட்டித் தெளியவைக்கப் பார்ப்பது வீண் செலவு. அதற்கு நேர்மின் அடுக்கு வேண்டும். எப்சம் உப்பு 7.4 கிராம், படிகாரம் 4.74 கிராம் சேர்த்துக் கரைத்து, காஸ்டிக் சோடா 3.2 கிராம் கரைசலை மெல்ல ஊற்றினால் அப்படி ஒரு வெள்ளைக் கூழ் திரளும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். கழுவாத கூழில் சல்பேட் இடத்தைப் பிடித்துக்கொண்டு மஞ்சளை அரைகுறையாகத்தான் உள்ளே விடுகிறது. கழுவிய கூழோடு அடுத்த சுற்று.