“இப்ப ஓட்டாதீங்க” என்றேன்

“சார், டிராக்டர்ல மாட்டி மண்ணைக் கொத்துற ரோட்டவேட்டர் வாடகைக்குக் கிடைக்குது. ரெண்டு சால் ஓட்டிட்டா இந்தப் புல்லு போயிடாதா?”

“வேண்டாம் அண்ணே. இப்ப ஓட்டாதீங்க.”

பேச்சு இவ்வளவுதான். அந்த விவசாயி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, ஓட்டவும் இல்லை. நான் சொன்னது சரி என்று இன்றைக்கும் காரணத்தோடு வாதாடுவேன். ஆனால் அந்த ஒரு வரி அவருக்குப் போதுமா என்ற கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அங்கே இருந்தது தர்ப்பைப் புல். இலுக்கு, லாலாங் என்றும் சொல்வார்கள். இளசாக இருக்கும்போது தீவனப் புல் என்று விட்டுவிடத் தோன்றும். இலையை விரித்துப் பார்த்தால் வெள்ளையான நடு நரம்பு நட்டநடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஓரத்தை நுனியிலிருந்து கீழ்நோக்கித் தடவினால் விரலை அறுக்கும். வெளியே தண்டு தெரியாது, இலைகள் மண்ணிலிருந்தே நேராகக் கிளம்பும். பூத்துவிட்டால் வெள்ளைப் பஞ்சுக் கதிரே காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் அதுவரை காத்திருக்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தண்டு, கணுவுக்குக் கணு செதில், ஊசி போன்ற நுனி. பக்கத்துச் செடியின் வேரையும் கிழங்கையும் துளைத்துக்கொண்டு போகிற நுனி அது.

செடியின் பாதிக்கு மேல் மண்ணுக்குள் கிடக்கும் இந்தத் தண்டுதான். வெட்டினாலும் எரித்தாலும் மேலே இருப்பதுதான் போகும். தீ வைப்பது இன்னும் மோசம். புல் நன்றாகப் பற்றி எரியும், மரக்கன்றுகள் சாகும், மண்ணுக்குள் இருக்கிற தண்டு பிழைத்துக்கொண்டு சீக்கிரமே பூவும் எடுக்கும்.

அன்று மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தேன், உருண்டையாகத் திரண்டது. அந்த ஈரத்தில் ரோட்டவேட்டர் விட்டால் தண்டு விரல் நீளத் துண்டுகளாகும். கணு உள்ள துண்டு ஒவ்வொன்றும் முளைக்கக்கூடும். ஒரு மூலையில் வட்டமாக நின்ற புல், கத்தியிலும் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு நிலம் முழுக்கப் போகும், அங்கிருந்து அடுத்தவர் நிலத்துக்கும் போகும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கிராண்ட் பே பகுதிக்கு 1912 வாக்கில் இந்தப் புல் வந்ததே, ஜப்பானிலிருந்து வந்த ஆரஞ்சுக் கன்றுப் பெட்டிகளில் அடைத்துவைத்த புல்லாகத்தான். அங்கிருந்து சாலையோரம், காடு, மேய்ச்சல் நிலம் என்று தென்கிழக்கு மாநிலங்களில் பரவிவிட்டது. ஆகவே “வேண்டாம்” என்றது சரிதான்.

ஆனால் உழவே ஆகாது என்பது உண்மையில்லை. மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, துண்டாக்கும் ரோட்டவேட்டர் இல்லாமல், தண்டை முழுசாக இழுத்து மேலே போடும் கொக்கிக் கலப்பையால் ஓட்டினால் வெயில் அதைக் கொன்றுவிடும். தண்டில் பெரும்பகுதி மேல் 15–20 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கும், கொழு அதற்கும் கீழே இறங்க வேண்டும். தப்பியது ஒரு சாண் வளர்ந்ததும் மறுபடி ஓட்ட வேண்டும், வறட்சிக் காலம் முழுக்க விடாமல். ஒரு சாலோடு நிறுத்துவதானால் ஓட்டாமல் இருப்பதே மேல். இதையெல்லாம் அவரிடம் சொன்னால் “ஓட்டலாம்” என்ற ஒரு சொல் மட்டும் மனதில் நிற்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் மழை நெருங்கிக்கொண்டிருந்தது, வண்டியும் தயாராக நின்றது. அந்த நேரத்தில் விளக்கத்தைவிடத் தடைதான் பாதுகாப்பு என்று இப்போதும் பாதி நம்புகிறேன்.

பிறகு களைக்கொல்லி மருந்து வழியைத்தான் சொன்னேன். முதலில் பழைய புல்லை அறுத்துவிட்டு, ஒரு அடி உயரத்துக்குப் புதுத் துளிர் வரவிட வேண்டும். காய்ந்த சருகில் அடிக்கிற மருந்து வீண். மழைக்காலம் முடியும் தறுவாயில் இலையின் சத்து கீழே இறங்கும். அப்போது அடித்தால்தான் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் கூடவே இறங்கித் தண்டைச் சேரும். 41 சதவீத மருந்தானால் லிட்டருக்கு 20 மி.லி. என்பது இந்தப் புல்லுக்கு வழக்கமான அளவு. அனுமதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல, டப்பாவின் மேல் உள்ளதே கடைசிச் சொல். கலங்கல் தண்ணீர் கூடாது, மருந்து மண்ணோடு ஒட்டிச் செயலிழந்துவிடும். உப்புத் தண்ணீர் என்றால் மருந்துக்கு முன்பே லிட்டருக்கு 20 கிராம் அம்மோனியம் சல்பேட் கரைக்க வேண்டும். வேகம் வேண்டும் என்று மருந்தைக் கூட்டினால் இலை சீக்கிரம் கருகும், தண்டு தப்பிவிடும். இமாசாபைர் என்ற இன்னொரு களைக்கொல்லி இதைவிட நன்றாகக் கேட்கும். ஆனால் அது மண்ணில் தங்கும், பக்கத்து மரங்களின் வேர் வழியாகவும் ஏறும். அங்கே வரப்போரம் மரங்கள் நின்றதால் அதை நான் எடுக்கவில்லை.

அவர் எல்லாவற்றையும் அப்படியே செய்தார், நிலம் அந்தப் பருவம் சும்மா கிடந்தது. பிறகு ஒருநாள், “அன்னிக்கு ஓட்டியிருந்தா ஒரு வெள்ளாமையாவது பாத்திருப்பேன் சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வெள்ளாமை எடுத்திருப்பார் என்பது நிஜம். அதற்கடுத்த வெள்ளாமை பாழாகியிருக்கும் என்பதும் நிஜம் என்றே நினைக்கிறேன். ஆனால் நடக்காத ஒன்றை வைத்து அவரிடம் எப்படி வாதாடுவது? அவர் இழந்தது கண்ணுக்குத் தெரிகிறது, தப்பியது தெரியவில்லை.

சேர்ந்து தோண்டிப் பார்த்தோம். செத்த தண்டு பழுப்பாகி, நசுக்கினால் நசுங்கும். உயிருள்ளது வெள்ளையாக, ஒடித்தால் படக்கென்று ஒடியும். வட்டத்தின் நடுவில் கிடைத்ததெல்லாம் பழுப்பு. விளிம்பில் வெள்ளை. பச்சை தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் இரண்டு மூன்று அடி சேர்த்து அடிக்கச் சொல்வது இதற்காகத்தான், தண்டு எப்போதும் இலைக்கு முன்னால் ஓடியிருக்கும்.

நடுப்பகுதியில் பூனைக்காலி விதைக்கலாம் என்றேன். இந்தப் புல்லுக்கு நிழல் ஆகாது. கொடி மூடிவிட்டால் மிச்சமிருப்பதும் மெலிந்துபோகும். அதற்குச் சம்மதித்தார். விளிம்புக்கு மறுபடி மருந்தா, கோடையில் கொக்கிக் கலப்பையா என்பதில்தான் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவருக்குக் கலப்பைதான் வேண்டும். மண் காயட்டும், அப்போது வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.