நெகட்டிவ்னா நல்லதுதானேக்கா?

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் வேலையில் ஒரு புதுச் சிக்கல். நெகட்டிவ் என்றால் தப்பித்தோம் என்று ஊருக்கே பழகிவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் லேபின் கவுன்டரிலேயே கவரைப் பிரித்து, கண்ணில் படும் முதல் ‘நெகட்டிவ்’வைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. மார்பகக் கட்டியின் செல்களில் ஹார்மோன் ஏற்பிகளான ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்கிற இன்னொரு புரதம் இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கிற ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. புற்றுநோய்தான் என்று முடிவான பிறகுதான் இந்த டெஸ்டுக்கே வருகிறோம். ஈ.ஆர். நெகட்டிவ் என்றால், டாமாக்சிஃபென், லெட்ரோசோல் மாதிரி வருடக்கணக்கில் சாப்பிடும் மாத்திரைகளால் அந்த நோயாளிக்குப் பயனில்லை என்று அர்த்தம். ஒரு கதவு சாத்தப்படுகிறது. சாத்துவதற்கு முன் நாங்கள் எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது கவரைப் பிரிப்பவருக்குத் தெரியாது. எனக்கே தெரிய ரொம்ப நாளானது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர் வண்ணாரப்பேட்டை. வெளுத்த ஊரில் உட்கார்ந்து நாங்கள் சாயம் போட்டுக்கொண்டிருக்கிறோம். சாயமும் துணிச்சாயம்தான். ஹெமடாக்சிலின் என்பது மெக்சிகோ பக்கத்து மரக்கட்டை ஒன்றிலிருந்து எடுப்பது. ஒரு காலத்தில் துணிக்குப் போட்டது. அதில் முக்கி எடுத்ததும் செல்லின் உட்கரு செவ்வூதாவாக இருக்கும். குழாய்த் தண்ணீரில் கழுவும்போதுதான் நீலத்துக்குத் திரும்பும். தண்ணீரில் இருக்கிற லேசான காரம் செய்கிற வேலை அது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஊரே குடத்தோடு லாரிக்கு நின்றதே, அப்போது எங்கள் சிங்க்கில் ஒரு நாள் லாரித் தண்ணீர், ஒரு நாள் போர் தண்ணீர். நீலமும் நாளுக்கொரு தினுசாக வந்தது. கடைசியில் சில சொட்டு அம்மோனியா விட்ட தண்ணீரில் முக்கிச் சமாளித்தோம்.

அந்த நீலமும் இயோசினின் ரோஸும் சேர்ந்ததுதான் எச் அண்ட் ஈ. எந்தத் திசுவானாலும் நிறம் ஏறிவிடும். ஈ.ஆர். மாதிரி டெஸ்டுகளுக்குப் போடுகிற ஐ.எச்.சி. என்ற சாயமுறை அப்படி இல்லை. தேடுகிற புரதம் இருந்தால்தான் அதில் ஆன்டிபாடி போய் ஒட்டும். ஒட்டினால்தான் அதன் மேல் என்சைம் வந்து உட்காரும். என்சைம் இருந்தால்தான் கடைசியில் ஊற்றுகிற டி.ஏ.பி. (DAB) என்ற சாயப்பொருள் பழுப்பாக மாறும். (அந்த டி.ஏ.பி.யே புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிற ரசாயனம். கையுறை இல்லாமல் தொட மாட்டோம்.) இதற்கு முன்னால் ஒரு சமையல் வேறு இருக்கிறது. கெடாமலிருக்க ஃபார்மலினில் ஊறவைத்த திசுவில் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆன்டிபாடிக்கு முகம் காட்டாது. ஸ்லைடுகளை சிட்ரேட் கரைசலில் போட்டு வேகவைத்தால்தான் முடிச்சு தளரும். நாங்கள் வைத்திருப்பது சாதாரண ஐந்து லிட்டர் குக்கர். புதிதாக வருகிறவர்கள் “எத்தனை விசில் அக்கா?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பழுப்பு வந்துவிட்டால் நிம்மதி. வராவிட்டால்தான் தலைவலி. புரதமே இல்லாமல் வரவில்லையா, குக்கரில் சூடு பத்தவில்லையா, ஆன்டிபாடி கெட்டுப்போயிற்றா, நடுவில் ஸ்லைடு காய்ந்துவிட்டதா? எல்லாமே கண்ணுக்கு ஒரே மாதிரி, பின்னணிக்குப் போடுகிற ஹெமடாக்சிலின் நீலமாகத்தான் தெரியும். அதனால் ஈ.ஆர். நிச்சயம் இருக்கிறது என்று தெரிந்த ஒரு திசுவையும் கன்ட்ரோலாக ஒவ்வொரு முறையும் கூடவே வேகவைத்துச் சாயம் போடுவோம். அது பழுத்திருந்தால் நம் கைவேலை சரி. இப்படித்தான் பதினைந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், ஒரு நர்சிங் ஹோமிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன் செய்த மார்பகம் திங்கள் மாலை வந்தது. முழு மார்பகத்தையும் கீறாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் திணித்து, மேலே அரை டம்ளர் ஃபார்மலின் தெளித்த மாதிரி. திசுவைப் போல் பத்து மடங்காவது ஃபார்மலின் வேண்டும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கீறி உள்ளே இறங்கவிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். இதெல்லாம் ஐ.எச்.சி.க்கு எழுதப்பட்ட விதி. ஃபார்மலின் மெதுவாக ஊறும் சரக்கு, மணிக்கு ஒரு மில்லிமீட்டர் போனாலே பெரிது. மேல்தோல் விறைத்திருந்தது. நடுவில் கட்டி இருந்த இடம் கொழகொழ. முணுமுணுத்துக்கொண்டே நறுக்கிப் புது ஃபார்மலினில் போட்டோம்.

ஈ.ஆர். போட்டபோது கன்ட்ரோல் நன்றாகப் பழுத்திருந்தது. நோயாளியின் ஸ்லைடு வெறும் நீலம். நெகட்டிவ் என்று தட்டில் அடுக்கி டாக்டர் மேடத்திடம் வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

“கன்ட்ரோல் வந்திருக்கு, சரி. இந்தம்மா உடம்புலயே ஒரு கன்ட்ரோல் இருக்கே, அதைப் பார்த்தியா?”

கட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக இரண்டு மூன்று நல்ல பால் குழாய்கள். புற்று தொடாதவை. அவற்றில் அங்கங்கே சில உட்கருவாவது பழுத்திருக்க வேண்டும். அவையும் நீலம். அதாவது குக்கரிலோ ஆன்டிபாடியிலோ குற்றமில்லை. எங்களிடம் வருவதற்கு முன்பே திசு கெட்டுவிட்டது. இதை நெகட்டிவ் என்று எழுதினால் அது பொய். எழுதாமலிருந்தால் அடுத்து என்ன?

கவுன்டரில் அந்தம்மாவின் மகன் நின்றிருந்தார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துப் பெரம்பூர் பக்கம் கொண்டுபோய் விற்கிறவர். “இன்னாக்கா, நெகட்டிவ்தான வந்துக்குது? நெகட்டிவ்னா நல்லதுதானேக்கா?” யாரோ உள்ளே பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் வேறு எங்காவது ஊசியில் திசு எடுத்தார்களா என்று கேட்டேன். எடுத்திருந்தார்கள், வேறொரு லேபில். சின்னத் திசு என்பதால் ஃபார்மலின் முழுசாக ஊறியிருக்கும். மேடம் ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தார், அந்தத் திசுவை மெழுகில் பதித்த பிளாக்கை வாங்கிவரச் சொல்லி. “வெயில்ல மட்டும் வெச்சிடாதீங்க தம்பி, மெழுகு உருகிடும்” என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு தெர்மோகோல் டப்பாவோடு வந்தார். திறந்தால் உள்ளே நொறுக்கிய ஐஸ், மீன் வாடை. நடுவில் பாலிதீன் கவரில் நாலு சுற்றுச் சுற்றிய பிளாக். தீப்பெட்டியில் பாதி கூட இருக்காது. “இத்துனூண்டு சாமானுக்கா இவ்ளோ லெட்டரு?” என்றார்.

அவருக்குத் தெரியாது, பிளாக்கை வெட்டுவதற்கு முன் நாங்களே ஐஸில்தான் வைப்போம். மெழுகு இறுகினால்தான் மைக்ரோடோமில் மூன்று மைக்ரான் மெல்லிசாக நாடா நாடாவாகச் சீவ வரும். துடைத்து அப்படியே மாட்டினேன். அந்த வெயிலில் அவ்வளவு அழகாக ஒரு பிளாக் வெட்டிய ஞாபகம் இல்லை.

ஹெர்-2வும் சேர்த்தே போட்டோம். அது உட்கருவில் வராது, செல்லைச் சுற்றி வரும். 3+ என்றால் காயப்போட்ட வலை மாதிரி கண் கண்ணாகத் தெரியும். 2+ வந்தால் ஃபிஷ் என்கிற இன்னொரு டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும், செலவு அதிகம். (காசிமேட்டு ஆட்களிடம் ஃபிஷ் டெஸ்ட் என்று சொல்லிப் பாருங்கள்.) நல்லவேளை, 1+தான், அதாவது நெகட்டிவ். ஈ.ஆர். ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. ஒரு சதவீத உட்கரு பழுத்தாலே பாசிட்டிவ் கணக்கு. இங்கே பத்துக்கு ஒன்பது பழுப்பு. இந்த முறை மேடம் கேட்பதற்கு முன்பே நல்ல குழாய்களையும் தேடிப் பார்த்துவிட்டேன். அவையும் வந்திருந்தன.

ரிப்போர்ட்டை டாக்டர்தான் விளக்க வேண்டும், டெக்னீஷியன் வாய் திறக்கக்கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் சாயங்காலம் போன் வந்தது.

“இன்னா வந்துச்சுக்கா?”

“பாசிட்டிவ் தம்பி.”

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பின்னால் யாரோ ஏலம் கூவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

“தம்பி, தம்பி, இது நல்ல பாசிட்டிவ். இதுக்கு மாத்திரை இருக்கு. நாளைக்கு வந்து ரிப்போர்ட் வாங்கிட்டு டாக்டரைப் பாருங்க, அவங்க சொல்லுவாங்க.”

“நெஜமாவாக்கா?”

“நெஜமா.”

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “சரிக்கா” என்றார். “நாளைக்கு அப்டியே அந்த ஐஸ் டப்பாவையும் எடுத்துக்கறேன்.”