கேட்டுவிட்டு எடுங்கள்: நகோயா காஸ்ப்ளே திருவிழா

ஜப்பானின் நகோயாவிலிருந்து வந்து இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். காஸ்ப்ளே என்றால் அனிமே, காமிக்ஸ் கதாபாத்திரங்கள் போல வேஷம் போடுவது. அதற்கென்றே நடக்கும் உலக காஸ்ப்ளே உச்சிமாநாட்டைப் பார்த்த சந்தோஷம் ஒரு பக்கம், அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்த சிலர் மேல் கோபம் இன்னொரு பக்கம்.

முதலில் பஸ். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் போனால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் ஆளுக்கு 11,000 யென் தாண்டிவிடும். இரவு பஸ்ஸில் எங்களுக்குக் கிடைத்த டிக்கெட் 4,800 யென். எனக்கும் அக்கா மகளுக்கும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய் மிச்சம் என்று ஏறிவிட்டோம். அந்த ஏழாயிரத்துக்கு அந்த இரவு கொஞ்சமும் தகாது. வரிசைக்கு நான்கு இருக்கை, முட்டி இடிக்கும் இடைவெளி. முன்னால் இருந்தவர் இருக்கையை முழுதாகச் சாய்த்துவிட்டார். ஏசி குளிர் எலும்புக்குள் போனது. ஆளுக்கு ஒரு பெட்டிதான் கீழே வைக்கலாம் என்று சொல்லிவிட்டதால், அவள் தன் விக் இருந்த அட்டைப் பெட்டியை இரவு முழுவதும் மடியிலேயே வைத்திருந்தாள். கொஞ்சம் நசுங்கினாலும் போச்சு, மூன்று நாள் உட்கார்ந்து சீவி ஸ்ப்ரே அடித்த முடி. உங்களிடம் காஸ்ப்ளே சாமான் இருந்தால் தயவுசெய்து இந்த பஸ் வேண்டாம்.

விடியற்காலை ஐந்தரைக்கு இறக்கிவிட்டார்கள். கோமேடா காபிக் கடை திறக்கும்வரை ரயில் நிலையத்தில் காத்திருந்தோம். நகோயாவின் பெரிய தர்மம் இந்தக் காலை காபிதான். காபிக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். தடிமனான டோஸ்ட் சும்மா வரும். கூட அவித்த முட்டையோ சிவப்புப் பயறு விழுதோ கேட்டு வாங்கலாம். வெண்ணெய் தடவிய சூடான ரொட்டியில் அந்தப் பயறு விழுதை அள்ளி வைத்துக் கடித்தேன். சுழியத்துக்குள் இருக்கும் பூரணம் நினைவுக்கு வந்தது, ஆனால் வெண்ணெயின் உப்பு அதை வேறு எங்கோ கொண்டுபோனது. இரவு முழுக்கப் பட்ட பாடு அங்கேயே பாதி தீர்ந்தது. மூன்று காலையும் அங்கேதான் சாப்பிட்டோம்.

அந்த மேசையில்தான் அவள் எனக்குப் பழைய கதையெல்லாம் சொன்னாள். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடையில் போனார்களாம். எல்லாரும் ஆக்கர்மன் பேரைச் சொல்வார்கள், தைத்தது டக்ளஸ்தான், சித்தி என்றாள். ஜப்பானில் 1975-ல் தொடங்கிய காமிக் மார்க்கெட் என்ற காமிக்ஸ் ரசிகர் சந்தை இந்தப் பழக்கத்துக்கு வீடானது. காஸ்ட்யூம், ப்ளே என்ற இரண்டையும் வெட்டி ஒட்டி ‘கோசுபுரே’ என்று 1983-ல் ஒரு பத்திரிகையில் எழுதியவர் நொபுயுகி தகாஹாஷி. நகோயா மாநாடு 2003-ல் தொடங்கியது. 2005-லிருந்து போட்டியும் உண்டு. முதல் முறை ஜெயித்தது இத்தாலி. நாட்டுக்கு இரண்டு பேர், உடை அவர்களே செய்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு மேடை ஏற முடியாது. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது.

நகோயாவின் ஓசு கடைவீதியைப் பற்றி வழிகாட்டி மாதிரி வரிசையாக எழுத நினைத்திருந்தேன், முடியவில்லை. வெளியே 37 டிகிரி, சென்னை மே மாதப் புழுக்கம். கூரை போட்ட வீதிக்குள் நுழைந்தால் கோழி பொரிக்கும் வாசனை, பழைய கிமோனோ கடை, நடுவே ஆறடி இறக்கையோடு ஒருவர் யாரையும் இடிக்காமல் பக்கவாட்டில் நடந்து வருகிறார். ஓசு கன்னோன் கோயிலின் பெரிய சிவப்பு விளக்கின் கீழே கவசம் போட்ட ஒரு கூட்டம் ஐஸ் தின்றுகொண்டிருந்தது. அத்தனையும் ஈவா ஃபோம் என்ற லேசான நுரைத் தகடு. வெட்டி, சூடு காட்டி வளைத்து, உலோகம் போலவே வண்ணம் அடித்தது.

வெள்ளி விக் வைத்த ஒரு பெண் முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் “ஷாஷின் ஈ தெசு கா?” (படம் எடுக்கலாமா?) என்று கேட்கிறார்கள், அவர் தலையசைத்த பிறகே எடுக்கிறார்கள், எடுத்த படத்தை அவரிடம் காட்டுகிறார்கள். நாங்களும் நின்றோம். அவர் விரலில் ஒரு பிளாஸ்டர். பசைத் துப்பாக்கி சுட்டுவிட்டது என்று சைகையில் சொன்னார். நான்கு மாத வேலையாம், அலுவலகம் விட்டு வந்து இரவில் தைத்தது. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. காஸ்ப்ளே பெயர் மட்டும் அச்சடித்த ஒரு அட்டையை அக்கா மகளிடம் கொடுத்தார்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு வெளிநாட்டுப் பயணி கேட்காமல் கொள்ளாமல் அக்கா மகளின் பின்னால் வந்து, கேமராவைத் தாழப் பிடித்துக் கிளிக் செய்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. தன்னார்வலர் ஒருவர் ஓடிவந்து நிறுத்தி, படத்தை அழிக்க வைத்தார். ஊரில் எப்படியோ, இங்கே வேஷம் போட்டவர் பொதுச் சொத்து இல்லை. காமிக் மார்க்கெட்டில் வீட்டிலிருந்தே உடையோடு வரக்கூடாது, அதே உடையோடு வீட்டுக்கும் போகக்கூடாது, அங்கேயே மாற்ற வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டை அவர்கள் தாங்களாகவே சுமக்கும்போது, பார்க்க வந்தவன் ஒரு வார்த்தை கேட்பதற்கு என்ன?

உடை மாற்றும் அறைக்குக் கட்டணம் உண்டு. முதலில் முணுமுணுத்தேன். ஆனால் உள்ளே போய்வந்தவள், முன்பின் தெரியாத பெண்கள் ஆளுக்கொரு ஊசியோடு வந்து அவள் உடையின் கிழிந்த கைப்பகுதியைத் தைத்துக் கொடுத்ததைச் சொன்னாள். அந்தக் காசு சரிதான்.

செலவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சனி, ஞாயிறில் 620 யென்னுக்கு ‘தோநிச்சி எக்கோ’ டிக்கெட் வாங்குங்கள், நகரப் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் நாள் முழுக்கச் சுற்றலாம். அறை வாடகை அந்த வாரம் கொள்ளை, மூன்று மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

ராத்திரி காமிமாயேசு நிலையத்தில் ரயிலுக்கு நின்றோம். நடைமேடை முழுக்க உருளும் பெட்டிகள், அவரவர் சாதாரண உடையில். சாம்பல் சட்டை போட்ட ஒரு பெண் எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். யாரென்று எனக்குத் தெரியவில்லை.

“சித்தி, விரலைப் பாருங்க” என்றாள் அவள்.