சோறு ஆக்குறீங்களா?

2023 மே மாதம், மருத்துவமனையில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் இப்படிக் கேட்டேன்: "வீட்டுல சோறு ஆக்குறீங்களா?"

"ஆக்காம என்னா பண்றது சார்?" என்றார்.

அந்தப் பதிலை வைத்துத்தான், அடிதடி வழக்குக்காக டாக்டர் எழுதித் தரும் காயச் சான்றிதழில் 'சாதாரண காயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'இடது கையால' என்றும் அவர் சொன்னாரா, இல்லை, அப்புறம் நானே நினைவில் சேர்த்துக்கொண்டேனா என்பது இன்றுவரை தெளிவில்லை.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர். பாதைத் தகராறில் கொழுந்தன் வலது கையை முறுக்கித் தள்ளிவிட்டிருந்தார். கட்டைவிரல் அடியில் நல்ல வீக்கம், ஆனால் எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது உடைந்தால் முதல் படத்தில் பல சமயம் தெரியாது. அதனால் மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் படம் எடுத்தேன். அதிலும் ஒன்றுமில்லை. ஆக, மருத்துவத்தில் நான் குறை வைக்கவில்லை.

பதினெட்டாம் நாள் அவர் வந்தபோது ஏட்டும் வந்து நின்றார். "சாதாரணமா, கொடுங்காயமா, ஒரு வார்த்தை போட்டுக் குடுத்துட்டீங்கன்னா போதும் சார்."

எந்தப் பிரிவு என்பது அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆவது பிரிவு எட்டு வகைக் காயங்களைக் கொடுங்காயம் என்றது. எலும்போ பல்லோ முறிந்தால் யோசிக்கவே வேண்டாம். எட்டாவது வகையில்தான் சிக்கல்: உயிருக்கு ஆபத்து, அல்லது 20 நாள் கடும் வலி, அல்லது 20 நாள் வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாத நிலை. அன்று சாதாரண காயம் என்றால் 323-ஆவது பிரிவு, அதிகபட்சம் ஓராண்டு சிறை, அபராதம் 1,000 ரூபாய் வரை. கொடுங்காயம் என்றால் 325, ஏழாண்டு வரை.

வழக்கமான வேலை என்றால் யாருடைய வழக்கம்? நான் சோற்றைக் கேட்டேன். முந்திரியைக் கேட்கவில்லை.

கையைப் பார்க்காமல் இல்லை. முதல் நாள் முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு, அவருடைய இரண்டு கை விரல்களும் கரியாக இருந்தன. பதினெட்டாம் நாள் அந்தக் கறுப்பு பாதிக்கு மேல் உதிர்ந்து, அடியில் வெளிர்த் தோல் வந்திருந்தது. "கை நல்லா ஆறியிருக்கே" என்றுகூடச் சொன்னேன். அது ஆறிய கை இல்லை. பதினெட்டு நாளாக முந்திரியே தொடாத கை.

எனக்கும் ஒரு பக்கம் உண்டு. அடிதடி வழக்குகளில், "இருபது நாள் பெட்ல வச்சுக்குங்க சார்" என்று யாரோ சொல்லிக்கொடுத்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த சந்தேகம் அது. படுத்திருந்த நாள் கணக்கு மட்டும் கொடுங்காயம் ஆகிவிடாது. உண்மையிலேயே முடங்கியிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்வியே. தவிர, நான் எழுதுவது கருத்துதான், தீர்ப்பு நீதிமன்றத்துடையது.

ஆனால் இந்த வழக்கு நீதிபதி முன் வாதம் வரைக்கும் போகவில்லை. 323 என்பது அடிபட்டவரே சமாதானமாகப் போய்விடக்கூடிய பிரிவு. ஊரில் உட்காரவைத்துப் பேசி முடித்துவிட்டதாக ஏட்டு பின்னர் சொன்னார். 325 ஆக இருந்திருந்தால் அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஒருவராவது அவரிடம் நேராகக் கேட்டிருப்பார்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கடலூரில் ஒரு கூட்டத்தில் புதுப் பிரிவுகளை விளக்கிக்கொண்டிருந்தபோது கொடுங்காயம் பற்றிய 116-ஐக் காட்டினார்கள். 1860-இல் எழுதிய 20 நாள், 15 ஆகியிருந்தது. அடுத்து என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. 15 என்றால் பதினெட்டாம் நாள் தாண்டிவிட்டதே என்று முதலில் தோன்றியது. குற்றம் நடந்த நாளின் சட்டம்தான் பொருந்தும் என்பதால் அந்தக் கணக்கு அவருக்கு உதவாது. உதவியிருந்தாலும் என்ன? நான் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன், அதே பதில்தான் வந்திருக்கும்.

'கருத்து பிறகு தரப்படும்' என்று எழுதி, இன்னும் ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கலாம். ஏட்டு முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியாத வழி இல்லை.

இப்போதெல்லாம் என்ன வேலை, எந்தக் கையால் என்று கேட்டு எழுதுகிறேன். காயத்தை மட்டும் எழுதுங்கள், பிழைப்பை விசாரிப்பது போலீஸ் வேலை என்கிறார் கூட வேலை பார்க்கும் டாக்டர். அவர் சொல்வதும் தவறில்லை.

அன்று கிளம்பும் முன் எங்கள் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனாவை எடுத்து, இரண்டு தடவை முயன்று, கீழே வைத்தார். "கையெழுத்துப் போடுவேன் சார், இன்னிக்குப் பேனா நிக்கல" என்றார்.

மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தது நான்தான்.