சுருள்வில்லில் கம்பி வளைவதில்லை, முறுகுகிறது

ஒரு ஸ்பிரிங்கை அமுக்கினால் சுற்றுகள் நெருங்குவது கண்ணுக்குத் தெரியும். கம்பி தன் அச்சிலேயே முறுகுவது தெரியாது. விசை சுருளின் நடு அச்சில் இறங்குகிறது, கம்பியோ அந்த அச்சிலிருந்து ஓர் ஆரம் தள்ளி இருக்கிறது. அதனால் கம்பியின் ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் விசை பெருக்கல் ஆரம் என்ற அளவுக்கு முறுக்கு விழுகிறது. சுருள்வில் என்பது சுருட்டி வைத்த நீளமான முறுக்குத் தண்டு, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், 'டார்ஷன் ஸ்பிரிங்' (முறுக்கு ஸ்பிரிங்) என்று பெயர் வாங்கிய துணிக் கிளிப் ஸ்பிரிங்கில்தான் கம்பி நிஜமாகவே வளைகிறது.

இது புரிந்தால் சூத்திரம் தானாக மனதில் நிற்கும். கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கை (விட்டம் × விட்டம் × விட்டம் × விட்டம்) உலோகத்தின் விறைப்புக் குணகத்தால், அதாவது முறுக்கத்தை அது எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவால் பெருக்குங்கள். சுருளின் சராசரி விட்டத்தின் (ஒரு பக்கக் கம்பியின் நடுவிலிருந்து மறுபக்கக் கம்பியின் நடுவரை) மூன்றாம் அடுக்கை 8 ஆலும் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சுருள்மாறிலி, அதாவது ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான விசை கிடைக்கும். எஃகுக்கு விறைப்புக் குணகம் சதுர மி.மீ.க்குச் சுமார் 79,000 நியூட்டன்.

2 மி.மீ. பியானோ கம்பி (ஸ்பிரிங்குக்கான வலுவான கார்பன் எஃகுக் கம்பி), சராசரி விட்டம் 16 மி.மீ., வேலை செய்யும் சுற்று 8 என்று வைத்துக்கொள்வோம். விடை மி.மீ.க்கு 4.8 நியூட்டன். 100 நியூட்டன் சுமைக்கு ஏறத்தாழ 21 மி.மீ. இறங்கும். இரு முனைகளிலும் ஒட்டிக் கிடக்கும் ஒவ்வொரு சுற்று வேலை செய்யாது என்பதால் மொத்தம் 10 சுற்று. முழுக்க அமுங்கினால் 20 மி.மீ. உயரம். அதோடு 21 மி.மீ. இறக்கம், சுற்றுகள் மோதாமலிருக்க 3 மி.மீ. இடைவெளி. ஆக, சும்மா நிற்கும்போது நீளம் 44 மி.மீ., புரி இடைவெளி (ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கான தூரம்) 5 மி.மீ. நீளம் சராசரி விட்டத்தைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால் ஸ்பிரிங் பக்கவாட்டில் பிதுங்கும், உள்ளே தண்டு கொடுக்க வேண்டிவரும். இங்கே மூன்று மடங்குகூட இல்லை.

நான்காம் அடுக்கை லேசாக எண்ண வேண்டாம். கம்பி 2 மி.மீ.க்குப் பதில் 1.9 ஆக இருந்தால் விறைப்பில் 18 சதவீதத்துக்கு மேல் போய்விடும். வாங்கிய கம்பிக் கட்டின் லேபிளை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளப்பதே சரி. ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் மென்மையாகும் என்பது பரவலான தவறு. முறுகுவதற்குக் கம்பி நீளம் குறைவதால் விறைப்பு இரட்டிப்பாகும். சராசரி விட்டம் கம்பி விட்டத்தைப் போல 4 முதல் 12 மடங்குக்குள் இருப்பது நல்லது. 4க்குக் கீழே போனால் சுற்றுவது கடினம், சுருளின் உட்பக்கத்தில் தகைவும் (பரப்பின் ஒவ்வோர் அலகிலும் விழும் உள்விசை) ஏறும். 12க்கு மேல் போனால் சுருள் தளர்ந்து ஒன்றோடொன்று சிக்கும்.

இனி சுற்றுவது. தேவையான உள்விட்டம் 14 மி.மீ. என்பதற்காக 14 மி.மீ. தண்டில் சுற்றினால் ஸ்பிரிங் பெரிதாகவே வரும். விட்டவுடன் கம்பி விரிந்துகொள்ளும். 12.5 மி.மீ. தண்டில் தொடங்கி, நான்கைந்து சுற்றுகளைச் சோதனையாகச் சுற்றி அளந்து தண்டை மாற்றுங்கள். எந்த அட்டவணையும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது. விரியும்போது கம்பியின் நீளம் மாறாது என்பதால் சுற்று குறையும். தண்டில் 14.5 ஆக இருந்த சராசரி விட்டம் 16 ஆனால், 11 சுற்று சுற்றியது 10 ஆகும். புரி இடைவெளியும் கூடும், ஆகவே லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) 4.5 மி.மீ. வைத்துப் பாருங்கள்.

தண்டில் குறுக்குத் துளை போட்டுக் கம்பி முனையைச் செருகி மடக்குங்கள். டூல்போஸ்டில் (லேத்தில் வெட்டுக்கருவியைப் பிடிக்கும் பகுதி) இரண்டு கெட்டி மரத்துண்டுகளுக்கு நடுவே கம்பியை இறுக்கினால் சீரான இழுவிசை கிடைக்கும். இழுவிசை மாறினால் விட்டமும் மாறும். முதல் சுற்றைப் புரி ஓட்டம் (டூல்போஸ்ட் பக்கவாட்டில் நகர்வது) இல்லாமல் ஒட்டிச் சுற்றி, பிறகு அந்த ஓட்டத்தை இணைக்கும் ஹாஃப்நட்டைப் போட்டு 9 சுற்று, மறுபடி எடுத்துவிட்டுக் கடைசிச் சுற்று. மிகக் குறைந்த வேகமே போதும். தண்டைப் பிடித்துச் சுழற்றும் 'சக்'கைக் கையால் திருப்பினால் இன்னும் நல்லது.

காயம் படுவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். இறுகி நிற்கும் கம்பியை ஒருபோதும் வெட்டாதீர்கள். 'சக்'கைக் கையால் பிடித்து, மெதுவாகப் பின்னோக்கித் திருப்பி, விசை முழுவதும் இறங்கிய பிறகே வெட்டுங்கள். கண்ணாடி அணிவது கட்டாயம். சாதாரணக் கட்டிங் பிளையரின் வாய் பியானோ கம்பியில் பல் விழுந்துபோகும். கிரைண்டரில் ஒரு வெட்டு போட்டு முறிப்பதே எளிது.

சுற்றியதும் 230 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வையுங்கள். வளைத்ததால் உள்ளே தங்கிய தகைவு தளரும். இதைத் தவிர்த்தால் ஸ்பிரிங் சில நாளில் குட்டையாகும். இந்தச் சூட்டில் கார்பன் எஃகுச் சுருளின் விட்டம் கொஞ்சம் சுருங்கும், துருப்பிடிக்காத எஃகுச் சுருளோ சற்று விரியும். கேஸ் டார்ச்சால் சூடாக்கினால் கம்பியின் வலு போய்விடும். முனைகளைக் கிரைண்டரில் தட்டையாகத் தேய்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். நீலம் ஏறிய இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். அடிக்கடி தண்ணீரில் நனைத்து, வட்டத்தின் முக்கால் பங்கு சமதளமாகும்வரை தேயுங்கள்.

பிறகு மூன்று முறை முழுக்க அமுக்கி நீளத்தை அளங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போனால் தகைவு அதிகம். தடித்த கம்பிக்கு மாறிக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

ஓடி ஓடி உடைந்த ஸ்பிரிங்கில் விரிசல் பெரும்பாலும் சுருளின் உட்பக்கத்தில் தொடங்கியிருக்கும். தகைவு உச்சத்தில் இருப்பது அங்கேதான். வேறு இடத்தில் தொடங்கியிருந்தால் பிளையர் கீறலையோ துருவையோ தேடுங்கள். துத்தநாக முலாம் பூசிய ஸ்பிரிங் அளவான சுமையிலேயே ஒரு நாள் கழித்துப் படாரென்று முறிந்தால், முலாம் குளியலில் எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன்தான் காரணம். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 190 முதல் 200 டிகிரியில் நீண்ட நேரம் சுட்டு அதை வெளியேற்றியிருக்க வேண்டும்.